புண்ணியத்துக்கு அடித்த லைட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் முன்கோபி. எதிரே வருகிறவன் ஹெட்லைட்டைக் கண்ணில் அடித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். புத்தூர் – திருப்பதி சாலையில் விடிவதற்கு முன்னால் சைக்கிள் மிதிக்கிற எவனுக்கும் வரும். லாரிக்காரன் அடிப்பான், கார்க்காரன் அடிப்பான், பைக்கில் பறக்கிற பொடியன் அடிப்பான். நான் காலை ஊன்றி நின்று, பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் அவர்கள் வம்சத்தையே விசாரித்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பேன். அதற்குள் அவர்கள் ஒரு கிலோமீட்டர் போயிருப்பார்கள். நான் திட்டியது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

என் வேலை அப்படிப்பட்டது. எங்கள் ஊர் வடமாலபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், புத்தூர்ப் பக்கம். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன் நான். மோட்டார் கொட்டகை ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, புத்தூர் போகிற வழியில் இருக்கிறது. நாலரை மணிக்கு மோட்டார் போட்டால்தான் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். வரவில்லையென்றால் ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் வாய்க்கு முன்னால் என் வாயெல்லாம் ஒன்றுமில்லை.

சித்தூரில் வேலை செய்கிற என் மச்சான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் என் சைக்கிளுக்கு ஒரு சார்ஜ் லைட் வாங்கி அனுப்பினான். கட்டைவிரல் அளவு இருக்கும். ஒரு தட்டு தட்டினால் கொஞ்சமாக எரியும், இரண்டாவது தட்டுக்கு முழுசாக எரியும், மூன்றாவது தட்டுக்கு மினுக்கு மினுக்கென்று விட்டுவிட்டு எரியும். முழுசாக வைத்தால் பனைமரத்து உச்சியில் தூங்குகிற காக்கா எழுந்துகொள்ளும். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றபோது என் பெண்டாட்டி கையால் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னாய்யா இது, வூட்டுக்குள்ள ரயிலு வருதா?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு புரட்டாசி வந்தது. எங்கள் சாலையில் இருக்கிறவர்களுக்குப் புரட்டாசி என்றால் நடந்து போகிறவர்கள்தான். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, அதற்கும் அந்தப் பக்கமிருந்து மஞ்சள் உடுத்திக்கொண்டு, செருப்பில்லாமல், திருப்பதிக்கு நடப்பார்கள். வெயிலில் தார் சுடும் என்று விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். வழியில் உள்ள ஒவ்வொரு ஊரும் அவர்களுக்கு ஏதாவது கொடுக்கும். ஒரு ஊரில் மோர், ஒரு ஊரில் புளிச்சோறு, இன்னொரு ஊரில் காலில் தேய்த்துக்கொள்ள எண்ணெய். எங்கள் நைனா காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் விறகு பிளந்து கொடுத்ததோடு சரி, பந்தலில் நின்று கையால் எடுத்துக் கொடுக்கிற உரிமை எங்களுக்கு இல்லை. இப்போது எங்கள் தெருவுக்கென்றே ஒரு பந்தல் இருக்கிறது. என் பெண்டாட்டிதான் அங்கே மோர் கலக்குகிறாள். நடப்பவர்கள் வருகிற நேரத்தில் நான் மோட்டாருக்குப் போக வேண்டியிருப்பதால் என் கையால் ஒன்றும் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு ஒரு குறை.

அந்தக் குறைக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்களுக்கு வெளிச்சம் கொடுப்பது. எதிரே வருகிற வண்டி தெரிய வேண்டும் என்று அவர்கள் தங்களுக்கு வலப்பக்க ஓரமாக நடப்பார்கள். அது எனக்கு இடப்பக்கம். ஆகவே நேருக்கு நேர் வருவார்கள். தூரத்தில் கோவிந்தா சத்தம் கேட்டதும் நான் லைட்டை முழுசாக வைத்து, கையால் அதன் தலையைத் தூக்கிப் பிடித்து, கூட்டம் முழுவதும் பளிச்சென்று தெரிகிறபடி அடிப்பேன். மணியையும் அடித்து, "கோவிந்தா!" என்று நானும் கத்துவேன். அவர்கள் எல்லோரும் கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். சிலர் இரண்டு கையையும் தூக்குவார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போகும்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னேன். "நீ மோர் ஊத்தற. உன்ன யாராச்சும் கும்புட்றாங்களா? என்ன பாத்து கூட்டமே கும்புடுது."

"உன்னையா? அந்த இருட்டுல உன் மூஞ்சி அவங்களுக்கு எங்கய்யா தெரிது?" என்றாள்.

அந்த ஒரு கேள்வி போதும், எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் அது. ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். நான் வழக்கம்போல லைட்டைத் தூக்கினேன். முன்னால் வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தார் ரோட்டை விட்டு ஒரு எட்டு கீழே இறங்கினாள். அங்கே கேபிள் போடத் தோண்டி அரைகுறையாக மூடின பள்ளம். "அம்மா!" என்று ஒரு சத்தம். அவள் விழுந்துவிட்டாள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்தவள் அவளுடைய நாத்தனார், நல்ல வாட்டசாட்டமான பெண்மணி. என் சட்டையைப் பிடிக்காத குறை.

"யோவ், லைட்டாய்யா அது? கண்ணு அவிஞ்சி பூடுச்சி! மூஞ்சிக்கு நேரா அடிக்கிறியே, அறிவு கீதா உனக்கு?"

"உங்களுக்கு வழி தெரியணும்னுதாம்மா அடிச்சேன்."

"வழி கீழ கீது! எங்க மூஞ்சியில இன்னாய்யா வழி கீது? கையத் தூக்கித் தூக்கி மறைச்சிக்கினு வரோம், நீ மணி வேற அடிக்கிற!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று வாரமாக என்னை யாரும் கும்பிடவில்லை. கண் கூசிக் கையால் மறைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் எத்தனை பேருடைய கண்ணைக் கட்டிவிட்டு, புண்ணியம் சேர்த்த நினைப்பில் வீட்டுக்குப் போய் இட்லி தின்றிருக்கிறேன்! எந்தத் தப்புக்காக ஊரில் இருக்கிற டிரைவரையெல்லாம் திட்டினேனோ, அதையே சாமி பேரைச் சொல்லிச் செய்திருக்கிறேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். வலிக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அவர்கள் குழுவின் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கூடவே வந்தது. குழுத் தலைவர், "வேன்ல ஏறும்மா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்பிடியே திருப்பதிக்கு வந்துடலாம்" என்றார். அவள் ஏற மாட்டேன் என்றாள். வண்டியில் ஏறினால் எல்லாம் போய்விடும் என்றாள்.

அவளுடைய பெண்ணுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. நின்ற இடத்தில் விழும் குழந்தை. பள்ளிக்கூடத்தில் விழுந்தது, குழாயடியில் விழுந்தது, ஒருமுறை அடுப்பு மேலேயே விழப் பார்த்தது. போன புரட்டாசியிலிருந்து ஒரு வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை. மாத்திரையும் விடாமல் கொடுக்கிறாள், சாமிக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறாள். வாசற்படி தாண்டினதிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் சக்கரத்தின் மேல் ஏறாமல், வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று. செங்கல் சூளையில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை இத்தனை நாள் லீவு கிடைப்பதே பெரிய பாடு. பாதியில் விட்டால் மறுபடி வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும், அதற்கு அடுத்த வருஷம்தான். "அதுக்குள்ள பாப்பாவுக்குத் திரும்ப வந்துச்சின்னா?" என்றாள்.

வேண்டுதல் நின்றுபோனால் வலிப்பு திரும்பி வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தாய் அப்படித்தான் நம்பினாள். கட்டைவிரல் அளவு லைட்டை வைத்து நான் ஆடின ஆட்டம், நான் பார்த்தே இராத ஒரு குழந்தையின் தலையில் போய் விடிந்துவிட்டது.

அவளையும் நாத்தனாரையும் எங்கள் வீட்டில் தங்கவைத்தோம். நானும் நாத்தனாரும் மெள்ள அவள் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டே கூட்டிவந்தோம். மற்றவர்கள் மேலே நடந்தார்கள். காலையில் சப்சென்டர் நர்ஸம்மா வந்து பார்த்தார். "விரகலேதம்மா, பெணிகிந்தி அந்தே" என்றார். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். பட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டு, இரண்டு நாளைக்கு அடி எடுத்து வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையை ஆட்டினாள். நர்ஸம்மா தெருமுனை திரும்பினதும் எழுந்து நின்று பார்த்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் அன்றைக்கு முழுவதும் என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். நான் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் பெண்டாட்டி தட்டைக் கொண்டுவந்து வைத்து, "துன்னு. நீ பட்டினி கெடந்தா அந்தம்மா காலு சரியாப்பூடுமா?" என்றாள். பிறகு கொஞ்சநேரம் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "அத்த ஓட்டாத. உருட்டிக்கினு போ. அந்தம்மா ஒரு கைய சீட்டு மேல வச்சிக்கட்டும், இன்னொரு கைய நாத்தனார் தோள் மேல போட்டுக்கட்டும். மோட்டார நான் பாத்துக்கிறேன்."

"அதுலயும் சக்கரம் கீதே" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தோம். அவள் கணுக்காலைத் தடவிக்கொண்டே ரொம்பநேரம் யோசித்தாள். "சக்கரம் உருளட்டும், அண்ணி. என் காலு தரையிலதான இருக்கும். சாமிக்குக் கண்ணு இல்லியா?" என்றாள்.

சனிக்கிழமை விடியலுக்கு முன் கிளம்பினோம். அடிவாரம் வரைக்கும் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். நூறு அடிக்கு ஒருமுறை நின்றோம். நான் பழக்கதோஷத்தில் லைட்டை முழுசாக வைத்து நேராகப் பிடித்திருந்தேன்.

"அண்ணா, அத்த கொஞ்சம் கீழ எறக்குறியா?" என்றாள். இறக்கினேன். "இன்னும் கொஞ்சம். என் காலுக்கு ரெண்டு எட்டு முன்னால உழுந்தா போதும்." அப்படியே வைத்தேன். சின்னக் கல், கண்ணாடித் துண்டு, பள்ளம் எல்லாம் தெரிந்தது. எதிரே வருகிற லாரிக்கு நாங்கள் தெரியட்டும் என்று மினுக்குகிற மாதிரி வைத்தேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது வேணாண்ணா. கல்லெல்லாம் குதிக்கிற மாரி கீது. எம்பொண்ணு இந்த மாரி லைட்டப் பாக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. சில புள்ளைங்களுக்கு அதுலயே வலிப்பு வந்துடுமாம்."

எனக்கு நடை நின்றுவிட்டது. சாயங்காலம் ட்யூஷன் விட்டு வருகிற பிள்ளைகளைச் சிரிக்கவைக்க அதே மினுக்கல் லைட்டை அவர்கள் முகத்தில் அடித்து விளையாடியிருக்கிறேன். அதில் எந்தப் பிள்ளைக்கு என்ன இருந்ததோ. கடவுள் காப்பாற்றினார், வேறென்ன சொல்ல.

மோட்டார் வேலை பார்க்கிறவன் சட்டைப்பையில் எப்போதும் கறுப்பு இன்சுலேஷன் டேப் இருக்கும். அதில் ஒரு துண்டைக் கிழித்து லைட்டின் கண்ணாடியில் மேல்பாதியை மூடி ஒட்டினேன். வெளிச்சம் தரையோடு நின்றது. எதிரே யாராவது வந்தால் அதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். அன்று தொடங்கியதுதான், இன்றுவரை அந்த லைட்டை அப்படித்தான் வைத்திருக்கிறேன். டேப் பழசானால் வேறு ஒட்டுகிறேன். எதிரே நடந்து வருகிறவர்களின் பாதம் தெரிந்தால் எனக்குப் போதும், முகம் தெரிய வேண்டாம்.

வடமாலபேட்டை தாண்டினதும் எதிரே பால் கேனோடு ஒருவன் சைக்கிளில் வந்தான். என்னிடம் இருக்கிற அதே மாதிரி லைட். நேராக எங்கள் கண்ணில் அடித்தான். ஒரு நிமிஷம் எனக்கு உலகமே தெரியவில்லை. அவள் கை சீட்டை இறுக்கிப் பிடித்தது எனக்கு ஹேண்டில்பாரில் தெரிந்தது. "ஒரேய், உனக்குக் கண்ணு..." என்று நான் தொடங்கிவிட்டேன்.

"வுடுண்ணா" என்றாள் அவள். "அவரும் புண்ணியத்துக்குத்தான் அடிக்கிறாரோ இன்னாவோ."

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அதன்பிறகு அவள் என்னை முறைக்கவில்லை.

வெயில் ஏறினதும் சாலையோர மண்டபத்தில் படுத்தோம். சாயங்காலம் மறுபடி நடந்தோம். ராத்திரி ஒரு சத்திரத்து வராந்தாவில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சானூர்ப் பக்கம் வரும்போது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவள், "முடியலண்ணா" என்றாள். இரண்டு நாளில் முதல்முறையாக அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது.

ஒரு ஆட்டோக்காரர் தானாகவே நிறுத்தினார். மஞ்சள் சேலையையும் கட்டுப்போட்ட காலையும் பார்த்துவிட்டு, "ரண்டி அக்கா, ஊரிகே தீஸ்கெள்தா" என்றார். சும்மாவே கொண்டுபோய் விடுகிறாராம். நல்ல மனுஷன். ஐந்தாறு கிலோமீட்டர்தான் பாக்கி. ஏறிவிடு தங்கச்சி, சாமி ஒன்றும் நினைக்காது என்று என் நாக்கு நுனிவரை வந்தது. ஏறினால் என் பாரமும் அன்றைக்கே இறங்கிவிடும். ஆனால் அது என் வேண்டுதல் இல்லை, என் பிள்ளையும் இல்லை. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த சில சமயங்களில் அது ஒன்று.

அவள் ஆட்டோவின் உள்ளே சீட்டைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "வேணாம்ப்பா, நீ நல்லா இரு" என்று அவரை அனுப்பிவிட்டு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து துண்டில் சுற்றிக் கொடுத்தேன். நாத்தனார் அதைக் காலில் வைத்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

திருப்பதி ஊருக்குள் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. என் லைட்டை அணைத்துவிட்டேன். கூட்டத்தில் சைக்கிளை இடிக்காமல் உருட்டிக்கொண்டு மலையடிவாரத்து அலிபிரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவள் சீட்டிலிருந்து கையை எடுத்தாள். நாத்தனார் தோளிலிருந்தும் எடுத்தாள். நொண்டி நொண்டித் தனியாக ஆறேழு அடி நடந்துபோய் முதல் படிக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினாள். பிறகு படியிலேயே தலையை வைத்து அழுதாள். நானும் அழுதேன். யார் பார்த்தால் என்ன.

அந்தப் பெண்ணுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? ஒரு வார்த்தை சாபம் விட்டிருந்தால் அதைச் சுமந்துகொண்டே திரிந்திருப்பேன். அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டு, என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் கெடுத்ததை என் கையாலேயே சரிபண்ண இடம் கொடுத்தாள். இதைவிடப் பெரிய தயவை எனக்கு யாரும் செய்ததில்லை.

கற்பூரம் அணைந்ததும் அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். "பாப்பா, அம்மா வந்துட்டேன். மலைக்கிட்ட வந்துட்டேன்" என்றாள். குழந்தை ஏதோ கேட்டது. "ஆமா, காலு லேசா வலிக்குது. ஒரு மாமா கூடவே நடந்து வந்தாரு. சைக்கிள உருட்டிக்கினே வந்தாரு." நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு, "உன்கிட்ட பேசணுமாண்ணா" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

"தேங்க்ஸ் மாமா" என்றது குழந்தை.

அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "பாப்பா, உங்கம்மா கீழ உழுந்துட்டாங்க. என்னாலதான் உழுந்தாங்க. நான் லைட்ட கண்ணுல அடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லும்போதே மறுபடி அழுதுவிட்டேன்.

"அழாதீங்க மாமா" என்றது. "நானும் முன்ன உழுந்துக்கினே இருப்பேன். இப்ப உழறதே இல்ல."